அச்சாணி வீதியின் ஒரே நாக்கு

சென்னியப்பன் மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பி, கைகால் கழுவி, மனைவி கலாமணி பரிமாறிய அரிசியும்பருப்புச் சோற்றில் முதல் கவளத்தை வாயில் வைத்த அதே நேரத்தில், அடுத்த வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தவளும், எதிர்வீட்டில் பாதி முகம் சவரம் செய்திருந்தவனும், வீதிக் கோடியில் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தவர்களும், யாரும் யாரையும் பார்க்காமல், "உப்புப் பத்தல" என்று சொன்னார்கள். கலாமணி வெளியே எட்டிப் பார்த்தாள். வீதியே ஒரே குரலில் சொல்லும்போது மறுக்க முடியாது என்று, ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் புருசன் தட்டில் தூவிப் பிசைந்துவிட்டாள். சென்னியப்பன் இரண்டாவது கவளத்தை வாயில் வைத்தான். "இப்பச் சரி" என்றது வீதி.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் அந்த அச்சாணி வீதி டிரான்ஸ்பார்மரில் ஆரம்பித்துத் தண்ணீர்த் தொட்டியில் முடிகிறது. லாரிக்கு பாடி கட்டுபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், லாரி வைத்திருந்து நொடித்துப் போனவர்கள், இன்னும் நொடித்துப் போகாதவர்கள் என்று எல்லாரும் லாரிக்காரர்கள்தான் என்பதால், பிறப்பு முதல் இறப்பு வரை அங்கே லாரிப் பேச்சுத்தான். சென்னியப்பன் குடித்துக் குடித்து ஈரல் வீங்கி மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தபோதுகூட, "எஃப்.சி.க்குப் போயிருக்கான், வந்துருவான்" என்று, தகுதிச் சான்றுக்குப் போன வண்டியைச் சொல்வது போலத்தான் வீதி பேசிக்கொண்டது. அவன் லாரிக்கு மரவேலை செய்யும் கெட்டிக்கார ஆசாரி. பகலெல்லாம் அவன் இழைத்த பலகையில் தூசி நிற்காது, பொழுது சாய்ந்தால் அவனே நிற்க மாட்டான்.

இந்த நாக்கு விவகாரத்தை மறுநாளே முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். சொந்தமாக லாரிகள் வைத்திருந்ததால் வீதிக்குத் தலைவர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, நடுவீதியில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சென்னியப்பனை உட்காரவைத்து, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தார். புளி வைத்தபோது வீதி முழுக்க ஒற்றைக் கண்ணை மூடியது. வேப்பங்கொழுந்து வைத்தபோது, அதுவரை பிரியமாகப் பேசிக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும்கூட ஒருவரை ஒருவர் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். மிளகு வைத்தபோது டிரான்ஸ்பார்மரிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை வரிசையாகத் தும்மல் போய்த் திரும்பி வந்தது. டிரான்ஸ்பார்மரை ஒரு அடி தாண்டி நின்றவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு அடி உள்ளே வந்ததும் தும்மினான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை, அதனால் அவர்கள் பெரியவர்களின் மூஞ்சிகளைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்கள் அச்சாணி வீதியில் குடியிருக்க மாட்டார்கள். நடுக்காட்டில் வண்டி நின்றால் ஏன் நின்றது என்று உட்கார்ந்து யோசிக்கிறவன் சரக்கை ஊர் சேர்க்க முடியாது, இனி எப்படி ஓட்டுவது என்று பார்ப்பவன்தான் சேர்ப்பான். ஆகவே வீதி, சென்னியப்பனின் நாக்கை எப்படி ஓட்டுவது என்று மட்டும் யோசித்தது.

சென்னியப்பனின் நாக்குக்கு ஏற்கெனவே ஒரு ஓட்டுநர் இருந்தாள். மையத்து டாக்டரம்மா கலாமணியைத் தனியாகக் கூப்பிட்டு, இத்தனை வருசம் இவர் சாப்பிடவே இல்லை, குடித்ததுதான் சாப்பாடு, உடம்பில் சத்து என்று எதுவும் மிச்சமில்லை, வயிறு காலியாக இருந்தால் மறுபடி அங்கேதான் இழுக்கும், அதனால் வேளா வேளைக்குச் சாப்பாடு, தினம் ஒரு முட்டை, கீரை, பருப்பு, கம்பு, பழம், நிறையத் தண்ணீர், வெடியாலயும் சாயங்காலமும் நடை என்று சொல்லிவிட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இன்னொரு தடவை குடித்தால் இந்த ஈரல் தாங்காது என்றும் சொல்லியிருந்தாள். கலாமணி முட்டைக் குடோனில் வேலை செய்பவள், நல்ல முட்டை எது கூமுட்டை எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பனையும் அப்படித்தான் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். "ஏனுங்க, இனி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் என்ர அம்மா ஊட்டுக்கெல்லாம் போக மாட்டேன். நேரா வக்கீல் ஊட்டுக்குத்தான் போவேன்" என்றாள். எவ்வளவு கோபத்திலும் அவள் பேச்சில் மரியாதை குறையாது, அதுதான் சென்னியப்பனுக்கு அதிகப் பயம்.

இப்படியாக அச்சாணி வீதி, தான் கேட்காமலே, ஒரு குடிநோயாளியின் பத்தியச் சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தது. காலையில் தோசைக்குச் சட்னியைத் தொட்டு வாயில் வைத்தவர்களுக்குக் கம்பங்கூழும் மோர்மிளகாயும் ருசித்தன. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பற்பசை அவித்த முட்டையாக மாறியது. சனிக்கிழமை விரதக்காரர்கள் கூட்டமாக வந்து கலாமணியிடம் முறையிட்டார்கள், அவளோ முட்டையை நிறுத்த முடியாது என்று ஒரே பேச்சாகச் சொன்னாள். கடைசியில் சனிக்கிழமை மட்டும் சென்னியப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டையை மென்று விழுங்குவது என்றும், அந்த நேரத்தில் விரதக்காரர்கள் கோவிந்தா போட்டுக் கவனத்தைத் திருப்பிக்கொள்வது என்றும் முடிவாயிற்று. ருசியாகச் சமைப்பவர்கள் என்று பேர் வாங்கியிருந்த பெண்கள், யார் வீட்டுக் குழம்பும் யார் நாக்கிலும் ஒட்டாமல் போனதில் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். சமைக்கத் தெரியாதவர்கள் வீட்டில் அந்த வாரம் அபூர்வமான அமைதி நிலவியது.

எல்லாரையும்விடச் சந்தோசப்பட்டது சர்க்கரை நோயாளிகள்தான். மைய வைத்தியம் முடிந்து வருபவர்களுக்கு ஆரம்பத்தில் இனிப்பின்மேல் ஒரு வெறி வரும், சென்னியப்பனுக்கும் வந்தது. ஒரு மத்தியானம் அவன் ஒளித்துவைத்து ஒரு ஜிலேபியைக் கடித்தபோது, நான்கு வீடு தள்ளிச் சர்க்கரை போடாத காப்பியைச் சபித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் கண்களில் பொலபொலவென்று நீர் கொட்டியது. உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். ஏறவே இல்லை. மறுநாள் மத்தியானம் அவர் கையில் ஒரு பொட்டலத்தோடு சென்னியப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

"மாப்ள, ஒரே ஒரு ஜிலேபி. மெதுவாக் கடி. பாகு உள்ள எறங்கும்போது சித்த நிறுத்தி, பொறவு முழுங்கு."

"மாமா, வயிறு நெறஞ்சிருக்குதுங்க."

"வயித்துக்கு யாரு கேட்டா? நாக்க நீட்டு."

மாமாவைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். லாரிக்காரர்கள் எப்போதும் செய்கிற தப்பு இது. தாங்குகிற எடையை ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்தாலும், வண்டி இன்னும் நகர்கிறது என்றால் இன்னும் ஏற்றலாம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். ஒருத்தி மைசூர்பாகு, ஒருத்தர் வயசான காலத்தில் பல்லில்லாமல் ஆசைப்பட்ட முறுக்கு, ஒருவன் தன் கல்யாணத்தன்று சாப்பிட நேரமில்லாமல் விட்ட அசோகா அல்வா என்று, வீதியே தன் ஆசைகளைக் கொண்டுவந்து சென்னியப்பன் வாயில் இறக்கியது. இத்தனை காலம் சாக்கடை ஓரத்தில் கிடந்தவனை வாசல் தேடி வந்து மனிதர்கள் கெஞ்சினால், அவனும் என்னதான் செய்வான்? மறுக்க வாய் வராமல் தின்றான். கீரைக்கும் பருப்புக்கும் வயிற்றில் இடமில்லாமல் போனது. சட்டைப் பொத்தான் தெறித்து விழுந்தது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் மத்தியானம் குடோனிலிருந்து சீக்கிரம் வந்த கலாமணி, புருசன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதையும், எதிரே பொட்டலங்களோடு வரிசை நிற்பதையும் பார்த்தாள்.

"இது வாயிங்களா, லாரி செட்டுங்களா? கண்டவங்க கண்ட லோடையும் ஏத்தறதுக்கு?" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசை கலைந்தது. "பெரியப்பா, நீங்களுமா?" என்று நாச்சிமுத்துவைத் தனியாக ஒரு கேள்வி கேட்டாள். அவர் ஜிலேபிப் பொட்டலத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, தெரியாத வீதிக்கு வந்துவிட்டவர் போல நடந்து போனார். அன்றிலிருந்து கலாமணி கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் அந்த வாய்க்குள் போகவில்லை. வீதி பாகற்காயை மென்று பெருமூச்சு விட்டது. ஆனாலும் ஒரு மாசத்துக்குள் சென்னியப்பன் கன்னத்தில் நல்ல சதை பிடித்தது, கண்ணில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது, கை நடுக்கம் நின்று உளி நேராக இறங்கியது, கலாமணி அவனை இன்னொரு தடவை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வீதியில் குடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி தீராமல் கிடந்தது. அதைக் கிளப்பியவன் ஸ்டெப்னி கோவிந்தராசு. எந்த வண்டிக்காவது டிரைவர் வராவிட்டால் மாற்றாக ஓடுவான், மற்ற நாளெல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருப்பான், அதனால் அந்தப் பேர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாயங்காலம் கூடும் சபையில் அவன் கட்சி இதுதான்: "மொளகுக்கு எல்லாருக்கும் மூக்கு ஒழுகுச்சில்ல? அப்ப அண்ணன் ஒரு குவாட்டர் அடிச்சா எல்லாருக்கும் ஏறோணும்." எதிர்க்கட்சி, "ஜிலேபிக்குச் சக்கரை ஏறலியே?" என்று கேட்டது. இரண்டு பக்கமும் சட்டம் பலமாக இருந்ததால் வழக்கு நாள்கணக்கில் நீண்டது. இதற்குத் தீர்ப்பு சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் சென்னியப்பன்தான் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து.

சென்னியப்பனோ ஒவ்வொரு நாளும் பொழுது சாயும் நேரத்தில் ஆளே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "நடக்கப் போறேன்" என்று விறுவிறுவென்று டிரான்ஸ்பார்மரைத் தாண்டி பைபாஸ் ரோட்டில் போய்விடுவான்.

அவன் ஏன் போனான் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பு தேறிய பிறகும், வெயில் இறங்குகிற அந்த நேரம் வந்தால் நாக்கின் அடியில் ஒரு இழுப்பு, நெஞ்சுக்குள் ஒரு பரபரப்பு, விரல்நுனிகளில் ஒரு துடிப்பு. பசி என்றால் சோறு போடலாம், தாகம் என்றால் தண்ணீர் ஊற்றலாம், இது இரண்டும் இல்லை. சோற்றுக்கு வைத்த உலை பொங்கி அடங்குகிற நேரந்தான் அது இருக்கும், அதுவரை நில்லாமல் நட, எதையாவது மெல்லு, அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அது அடங்கும் வரை அவன் பைபாஸில் சோம்பை மென்றபடி நடப்பான், சில நாள் வாய்விட்டு அழுதுகொண்டும் நடப்பான். கலாமணியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு முட்டை, இவ்வளவு கீரை, இவ்வளவு பாடுபட்டு ஆக்கிப்போட்ட பிறகும் உங்களுக்கு அது கேட்குதுங்களா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் தாங்க முடியாது என்று பயந்தான். நல்லவனாக ஆன பிறகு வருகிற வெட்கம், கெட்டவனாக இருந்தபோது வருகிற வெட்கத்தைவிடப் பெரியது.

வீதிக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. எல்லை தாண்டியதும் அவன் வாய் எட்டாமல் போகிறது. திரும்பி வந்து டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் காலை வைத்ததும் எல்லார் வாயிலும் சோம்பு மணக்கிறது. கண் வேறு சிவந்திருக்கிறது. குடித்த வாயை மறைக்கத்தான் ஆண்கள் சோம்பு மெல்வார்கள் என்பது கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அடுப்பங்கரையில் நின்ற கலாமணியின் நாக்கில் சோம்பு வந்து விழுந்தது, அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தொட்டிக்குப் பின்னால் இருந்த சபைக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் வருத்தம் வேறு. "குடிக்கிறது அக்கட்ட, எங்களுக்கு வெறும் சோம்பா? இதென்னய்யா நியாயம்?" என்று ஸ்டெப்னி நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில் மாரியம்மன் நோம்பி வந்தது. வீதிக் கோயில் முன்னால் கம்பம் நட்டு, வேண்டுதல் உள்ளவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் துணியால் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டியவர்கள் கம்பத்தைப் பிடுங்கும் வரை வீதி எல்லையைத் தாண்டக் கூடாது, அப்படித் தாண்டினால் அம்மன் கேட்பாள். சென்னியப்பனுக்குக் காப்புக் கட்டிவிட வேண்டும் என்று கலாமணி பூசாரியிடம் போய் நின்றாள். ஆச்சரியமாக, தொட்டிக்குப் பின்னால் இருந்த சபையும் மொத்தமாக வந்து அவளை ஆதரித்தது. எல்லைக்கு வெளியே போய்க் குடிக்காமல் இருக்க என்று அவள் நினைத்தாள், குடித்தால் எல்லைக்கு உள்ளேயே குடிக்கட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். சென்னியப்பன் கையை நீட்டினான். வெடியால கம்பம் நட்டார்கள், அவன் மணிக்கட்டில் மஞ்சள் துணி ஏறியது.

அன்று பொழுது சாய்ந்தது.

சென்னியப்பன் வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் வரை வந்துவிட்டான். மஞ்சள் துணியைப் பார்த்தான், எதிரே பைபாஸைப் பார்த்தான். கால் எழவில்லை. அங்கேயே நின்றான். தினமும் பைபாஸ் கடையில்தான் வாங்குவான் என்பதால் சட்டைப் பையில் சோம்பும் இல்லை. நாக்கின் அடியில் இழுப்பு ஆரம்பித்தது, முதன்முறையாக எல்லைக்கு உள்ளே.

வீதியில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அடுப்பில் பால் வைத்தவள் பாலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள், எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. ஒருத்தி ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "இதில்ல, இதில்ல" என்றாள். இன்னொருத்தர் ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டு நக்கிப் பார்த்து, அதுவும் இல்லை என்று தலையை ஆட்டினார். நாச்சிமுத்து விரலில் குத்திப் பார்த்தார், சர்க்கரை சரியாகத்தான் இருந்தது, ஆனால் அவருக்கு யாரையாவது ஓங்கி அடிக்க வேண்டும் போலவும் அடித்துவிட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பூசாரி மணியை ஆட்டப் போனார், கை நடுக்கத்தில் மணி தானாகவே அடித்தது. ஒரு நாளும் ஒரு சொட்டைத் தொடாத அத்தனை பேரும் வீதியில் இறங்கி, தொலைந்துபோன எதையோ தேடுகிறவர்கள் மாதிரி அங்குமிங்கும் நடந்தார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஸ்டெப்னிக்கு மட்டும் தெரிந்தது. தினமும் வருகிற விருந்தாளிதானே. அவன் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரை நிரப்பி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணா, ஒரே ஒரு வாய். நீ குடிச்சா வீதிக்கே அடங்கிரும்ணா. பாரு, பொம்பளைங்கெல்லாம் எப்புடித் தவிக்கறாங்கன்னு."

டம்ளரின் வாசம் சென்னியப்பன் மூக்கில் ஏறியது, அவன் மூக்கில் ஏறியது எல்லார் மூக்கிலும் ஏறியது, அந்த நொடியில் அச்சாணி வீதிக்குத் தான் தேடியது என்ன என்று தெரிந்துவிட்டது. அத்தனை தலைகளும் டம்ளரின் பக்கம் திரும்பின. சென்னியப்பனின் கை அவனைக் கேட்காமலே நீண்டு டம்ளரைப் பிடித்தது. பிடித்ததும் இன்னொரு கை வந்து அதைப் பிடித்தது. நாச்சிமுத்து. "மாப்ள, எனக்குக் குடு, எனக்கு வயசாயிருச்சு." அதற்கு மேல் பூசாரியின் கை. அதற்கு மேல் மாவு ஒட்டிய ஒரு கை. எல்லாருக்கும் கீழே புகுந்து வந்து டம்ளரின் அடியைப் பிடித்த கையில் கண்ணாடி வளையல் இருந்தது.

கலாமணிதான். வேர்த்திருந்தாள், உதடு உலர்ந்திருந்தது, கண்கள் டம்ளரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. "குடுங்க" என்றாள். "எனக்குக் குடுங்க. ஒரு வாயிங்க. ஒரே ஒரு வாய்."

இத்தனை வருசமாகத் தான் அவளிடம் சொன்ன வார்த்தைகள் அவை என்பது சென்னியப்பனுக்குத் தெரிந்தது. அந்த முகமும் தன்னுடையதுதான். கண்ணாடியில்கூட அவன் அதைப் பார்த்ததில்லை, கலாமணி மட்டுமே பார்த்திருந்தாள், ஒவ்வொரு நாளும், வாசலில் நின்றபடி. அவனுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. டம்ளரை வெடுக்கென்று பிடுங்கி டிரான்ஸ்பார்மர் அடியில் கவிழ்த்தான். ஐயோ என்று வீதி அலறியது, நாச்சிமுத்து ஈர மண்ணைக் குனிந்து பார்த்த பார்வையைப் பிற்பாடு யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

"கலா, சித்தப் பொறு. அடங்கிரும்" என்றான் சென்னியப்பன். பிறகு, பட்டறையில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிற குரலில் எல்லாருக்கும் சொன்னான். "ஒல பொங்கி அடங்கற நேரந்தானுங்க! யாரும் நிக்காதீங்க, நின்னா ஏறும். நடங்க! வாயில எதையாவது போட்டு மெல்லுங்க. மாமா, மண்ணப் பாக்காதீங்க, என்னப் பாருங்க!"

அவன் முன்னால் நடந்தான். எல்லை தாண்ட முடியாததால் டிரான்ஸ்பார்மரிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து டிரான்ஸ்பார்மருக்கும் நடந்தான். வீதியே பின்னால் வந்தது. கலாமணி குடோனிலிருந்து கொண்டுவந்து அவித்து வைத்திருந்த முட்டைகளும், யார் வீட்டிலோ வறுத்த நிலக்கடலையும், கோயில் பொரியும் வாழைப்பழமும் கைமாறிக் கைமாறிப் போயின. பட்டுச் சேலையில் முட்டை மஞ்சள் சிந்த, மூக்கு ஒழுக, அழுகிறவர் அழ, திட்டுகிறவர் திட்ட, மென்றுகொண்டே நடந்தார்கள். மேளக்காரர்களும் சும்மா இருக்க முடியாமல் நடந்து வந்ததால், கை போன போக்கில் மேளமும் சேர்ந்துகொண்டது. இது ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்து டிரான்ஸ்பார்மருக்கு வெளியே நின்ற அடுத்த வீதிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருசம் அவர்களும் முட்டை தின்றுகொண்டே ஊர்வலம் போகப்போகிறார்கள், அதை யாரும் தடுக்க முடியாது.

பிறகு அது அடங்கியது. தொட்டிக்குப் பக்கத்தில் திரும்பும்போது, ஒவ்வொருவராகத் தோள் தளர்ந்து, மூச்சு விட்டு, தங்கள் கையில் இருந்த வாழைப்பழத் தோலை வியப்போடு பார்த்தார்கள்.  பால் பொங்கி அடுப்பு அணைந்த வீடுகளுக்குத் திரும்பிப் போனார்கள்.

கலாமணி தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்குத்தான் தெனமும் நடக்கப் போனீங்களா?" என்றாள்.

"ஆமா."

"தெனமும் வருதுங்களா?"

"வருது. போயிருது. மறுபடி வருது."

"தனியாவா போனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்களைத் தாண்டிப் போனவர்களுக்கெல்லாம் வாயில் கண்ணீரின் உப்பு கரித்தது, அவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள்.

நோம்பி முடியும் வரை ஒவ்வொரு சாயங்காலமும் வீதி அவன் பின்னால் நடந்தது. கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டு, காப்பை அவிழ்த்த அன்று, அந்த நாக்கு விவகாரமும் அதோடு போய்விட்டது. சென்னியப்பன் பச்சை மிளகாயைக் கடித்தான், ஒருவரும் திட்டவில்லை. அவரவர் வீட்டுக் குழம்பு அவரவர் நாக்குக்குத் திரும்பி வந்தது. சில வீடுகளில் அதை அவ்வளவாகக் கொண்டாடவில்லை. கலாமணியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதியில் நாச்சிமுத்து ஒரு துண்டு ஜிலேபியைச் சென்னியப்பன் வாயில் வைத்துப் பார்த்து, தன் நாக்கில் ஒன்றும் வராமல், இழவு வீட்டிலிருந்து போகிறவர் போலச் சொல்லாமல் கொள்ளாமல் போனார்.

அன்று வெயில் இறங்கியபோது சென்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அவன் நாக்கின் அடியில் இழுப்பு ஆரம்பித்திருந்தது. வீதி அமைதியாக இருந்தது, யார் வீட்டிலோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. இனி இது தனக்கு மட்டும்தான் என்று நினைத்தபடி அவன் டிரான்ஸ்பார்மர் பக்கம் திரும்பினான். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கலாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"எனக்கு இன்னிக்கி ஒண்ணுமே தெரியலீங்க. உங்களுக்கு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்ப வாங்க."

டிரான்ஸ்பார்மர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டெப்னி கோவிந்தராசு நின்றான். வேர்த்து ஊற்றியிருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சென்னியப்பனைக் கண்டதும் கோபமாகத்தான் ஆரம்பித்தான்.

"என்னண்ணா இது? எல்லாருக்கும் போயிருச்சுங்கறாங்க. நாச்சிமுத்து மாமனுக்குப் போயிருச்சு, பூசாரிக்குப் போயிருச்சு. எனக்கு மட்டும் இன்னும் உன்ர தாகம் வந்துட்டே இருக்குது. நோம்பி பூரா உன்ர பின்னாலயே நடந்தேன், ஒரு சொட்டுத் தொடல. நானும் காத்தாலிருந்து பாக்கறேன், அடங்கவே மாட்டேங்குது." அவன் நெற்றியைக் கம்பத்தில் முட்டினான். "உன்னுத நீயே திருப்பி எடுத்துக்கண்ணா."

சென்னியப்பனுக்குப் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அது என்னுதில்ல, கோவிந்து" என்றான். "உன்னுது."

ஸ்டெப்னி டிரான்ஸ்பார்மர் கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான். சென்னியப்பன் அந்தக் கைவிரல்களை ஒவ்வொன்றாகக் கம்பத்திலிருந்து பிரித்து, தன் கையில் வைத்துக்கொண்டான். 

"நட" என்றான். "நின்னா ஏறும்."